எரியாத விளக்கு

அப்பாவுக்கு மாதம் ஒருமுறை கண்ணில் ஊசி போட வேண்டும். விழித்திரையில் நீர் கோத்துக்கொள்ளும் நோய். லால்குடியிலிருந்து திருச்சி தில்லைநகர் போய், ஊசி போட்டுக்கொண்டு, கட்டிய கண்ணோடு சத்திரம் பேருந்து நிலையத்தின் வெயிலிலும் தூசியிலும் நின்று பஸ் பிடித்துத் திரும்ப வேண்டும். 2024 மார்ச்சில் ஒருநாள் படியேறும்போது கால் தவறி என் தோளில் சாய்ந்துவிட்டார். அன்று இரவே கார் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

புதிய கார் எங்கள் சக்திக்கு எட்டாது. நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வீட்டுக் கடன் இன்னும் முடியவில்லை. மூன்றரை லட்சத்துக்குள் சிறிய பெட்ரோல் கார் ஒன்று, இரண்டு ஏர்பேக் உள்ளதாக, பழையதாக இருந்தாலும் போதும் என்று தேட ஆரம்பித்தேன். ஏர்பேக்கில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். இந்தியாவில் ஓட்டுநர் பக்க ஏர்பேக்கைக் கட்டாயமாக்கியதே 2019 ஜூலையில்தான். அதற்கு முந்தைய சிறிய கார்களில் பெரும்பாலும் மேல்நிலை மாடல்களில்தான் அது இருக்கும் என்பதால் தேடல் நீண்டது. மே மாதப் பள்ளி விடுமுறை முழுவதும் கார் பார்த்ததுதான் வேலை. கடைசியில் இரண்டு கார்கள் மிஞ்சின.

முதல் கார் ஸ்ரீரங்கத்தில், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் வீட்டில். 2017 மாடல், 52,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, 3,60,000 ரூபாய் கேட்டார். நான் சாவியைத் திருப்புவதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார்: "அம்மா, இதில் இரண்டு விளக்குகள் அணையாமல் எரிகின்றன. எட்டு மாதமாக அப்படித்தான். ஹாரனும் சில சமயம் அடிக்காது. பையன் வெளிநாடு போன பிறகு வண்டியை எடுப்பதே இல்லை." எஞ்சின் ஓடும்போதே மஞ்சள் நிறத்தில் எஞ்சின் கோளாறைச் சொல்லும் செக் எஞ்சின் விளக்கும், சிவப்பு நிறத்தில் ஏர்பேக் விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. மனது சுருங்கிவிட்டது. பார்த்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

இரண்டாவது கார் தஞ்சாவூர் சாலையில் ஒரு பழைய கார் விற்பனை யார்டில். 2018 மாடல், 41,000 கிலோமீட்டர், விலை 3,75,000. பளிங்கு மாதிரி கழுவி வைத்திருந்தார்கள். சாவியைத் திருப்பி எஞ்சினைக் கிளப்பினால் டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட இல்லை. வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் இதைத்தான் வாங்கச் சொன்னார்கள். பள்ளியில் உடன் வேலை செய்யும் கணக்கு ஆசிரியர், "எரிகிற விளக்கோடு கார் வாங்குவது காய்ச்சலோடு மாடு வாங்குவது மாதிரி" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. பத்தாயிரம் ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்க யார்டுக்குக் கிளம்பியும் விட்டேன்.

போகிற வழியில் திருவெறும்பூரில் ஸ்கூட்டியை நிறுத்தியதுதான் நான் செய்த நல்ல காரியம். அங்கே ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். அவருடைய மகள் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "டீச்சர், சாவியைத் திருப்பிய உடனே எத்தனை விளக்குகள் எரிந்தன?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் கவனித்ததெல்லாம் எஞ்சின் கிளம்பிய பிறகு எது எரிகிறது என்பதை மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு அவரையும் அழைத்துக்கொண்டு யார்டுக்குப் போனேன். அவர் உட்கார்ந்து சாவியை ஒரே மூச்சில் திருப்பவில்லை. ஸ்டார்ட் வரை கொண்டுபோகாமல் ஒரு படி முன்னால் நிறுத்தினார். பட்டனை அழுத்திக் கிளப்பும் கார்களில் பிரேக்கையோ கிளட்சையோ மிதிக்காமல் பட்டனை ஒருமுறையோ இருமுறையோ அழுத்தினால் இதே நிலை வரும். அந்த நிலையில் காரின் கணினி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்குகள் ஒருமுறை எரிந்து காட்ட வேண்டும். ஏர்பேக் விளக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். முறையின் விளக்கும் சில நொடிகளில் தாமாக அணையும். ஆயில், பேட்டரி, செக் எஞ்சின் விளக்குகள் எஞ்சின் கிளம்பிய பிறகுதான் அணையும். வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது போன்றதுதான் இது. பெயரைக் கூப்பிட்டதும் ஒவ்வொரு விளக்கும் எழுந்து நின்று உட்கார வேண்டும்.

ஆயில் எரிந்தது. பேட்டரி எரிந்தது. செக் எஞ்சின், ஏ.பி.எஸ்., ஹேண்ட்பிரேக், சீட் பெல்ட், எல்லாம் எரிந்தன. ஏர்பேக் விளக்கு எரியவில்லை.

அண்ணன் சாவியை அணைத்து மறுபடி திருப்பினார். மூன்றாவது முறை என்னை உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னார். ஏர்பேக் விளக்கு இருக்க வேண்டிய இடம் இருட்டாகவே இருந்தது. "இந்த விளக்கு சும்மா கெட்டுப்போவது அபூர்வம் டீச்சர். மீட்டரைப் பிரித்து விளக்கை எடுத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் மேலே கறுப்பு டேப் ஒட்டிவிடுவார்கள்" என்றார். இன்னும் மோசமான வேலையும் உண்டாம். ஏர்பேக் விளக்கின் வயரை ஆயில் விளக்கோடு சேர்த்துவிட்டால், எஞ்சின் கிளம்பும்போது இரண்டும் ஒன்றாக அணைந்து, எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். அதனால் விளக்கு எரிகிறதா என்பதோடு, எப்போது அணைகிறது என்பதையும் பார்க்கச் சொன்னார். ஏர்பேக் விளக்கு தன் கணக்கில் தனியாக அணைய வேண்டும்.

பிறகு ஸ்டீயரிங்குக்குக் கீழே முழங்கால் பக்கம் கையை விட்டு, பதினாறு முனை கொண்ட சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினார். காரின் கணினி தன் கோளாறுகளைக் குறியீடுகளாகப் பதிந்து வைக்கும் ஓ.பி.டி. 2 முறை, இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற கார்களில் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் கருவியை வாங்கினால் நம் கைப்பேசியிலேயே எஞ்சின் கோளாறுகளைப் படித்துவிடலாம். ஏர்பேக், ஏ.பி.எஸ். பகுதிகளைப் பெரும்பாலும் அது படிக்காது. அதற்கு ஒர்க்‌ஷாப்புகளில் இருக்கும் பெரிய ஸ்கேனர் வேண்டும்.

கோளாறுக் குறியீடு ஒன்றும் இல்லை என்றே திரை சொன்னது. யார்டுக்காரர் முகத்தில் நிம்மதி. அண்ணன் அதோடு விடவில்லை. அடுத்த பக்கத்துக்குப் போய், 'குறியீடுகள் அழிக்கப்பட்ட பின் ஓடிய தூரம்' என்ற வரியைக் காட்டினார். 14 கிலோமீட்டர். 41,000 கிலோமீட்டர் ஓடிய கார், நினைவு அழிக்கப்பட்டு 14 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. அதன் கீழே சுயபரிசோதனைகளின் பட்டியல் இருந்தது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார் இரண்டுக்கும் எதிரில் 'நிறைவடையவில்லை' என்றிருந்தது. குறியீடுகளை அழித்தால் இந்தப் பரிசோதனைகளும் முதலிலிருந்து தொடங்கும். பல நாள் ஓட்டத்துக்குப் பிறகுதான் அவை நிறைவடையும். கோளாறு இருந்தாலும் அதற்குள் விளக்கு எரியாமலே இருக்கலாம்.

பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் சில கார்களில் இதே நிலை வரும். அதனால் அண்ணன் அவசரப்படாமல் கேட்டார்: "அண்ணே, பேட்டரி மாற்றினீர்களா?" யார்டுக்காரர், "இல்லையே, பழைய பேட்டரிதான், நன்றாக இருக்கிறது" என்றார். அதற்குமேல் அவரிடம் கேட்க ஒன்றும் இல்லை.

காரின் பதிவு எண் டி.என். 69 என்று தொடங்கியது. தூத்துக்குடி. நான் அதற்கு முன் அதைப் பொருட்படுத்தவே இல்லை. அண்ணன் ஓட்டுநர் பக்க சீட் பெல்ட்டை மெதுவாக, அதன் கடைசி அங்குலம் வரை இழுத்தார். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி முழத்தில் குறுக்கே செம்மண் நிறத்தில் ஒரு கோடு இருந்தது. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கியதும் பள்ளத்தின் மூலையில் மாவு போல வண்டல். சீட்டைத் தரையோடு இணைக்கும் போல்ட்டுகளில் துரு. அந்த வயதுக் காரில், உள்ளே, அப்படித் துரு பிடிக்கக் காரணமே இல்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை நாம் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. அந்த வெள்ளத்தில் வீட்டோடு வண்டியையும் இழந்தவர்கள் எத்தனையோ பேர். தூத்துக்குடிப் பதிவு என்பதாலேயே ஒரு காரைச் சந்தேகப்படுவது அந்த ஊர்க்காரர்களுக்குச் செய்யும் அநியாயம். நனையாத ஆயிரக்கணக்கான நல்ல கார்கள் அங்கே ஓடுகின்றன. நம் சந்தேகம் சீட் பெல்ட்டின் கோட்டில் தொடங்க வேண்டும், எண் பலகையில் அல்ல.

வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் எப்படி நம் ஊர் வரை வருகின்றன என்பதை அண்ணன்தான் விளக்கினார். பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காப்பீட்டு நிறுவனம் காரை முழு இழப்பு என்று கணக்கு முடித்துவிடும். மிச்சம் இருக்கும் கார் பழைய பொருளாக விலைபோகும். அதை எடுத்துக் காயவைத்து, கழுவி, ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து, தொலைவில் உள்ள மாவட்டத்தில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எஞ்சினைச் சரிசெய்துவிடலாம். ஏர்பேக்கை இயக்கும் பெட்டி பெரும்பாலான கார்களில் முன் சீட்டுகள் இரண்டுக்கும் நடுவில், தரையை ஒட்டி இருக்கிறது. தண்ணீர் உள்ளே வந்தால் முதலில் மூழ்குவனவற்றில் அதுவும் ஒன்று. அதை மாற்றப் பணம் செலவாகும். விளக்கை அணைக்க டேப் போதும்.

இந்தக் காரின் கதை சரியாக இதுதான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. எனக்குத் தெரிந்தது, ஏர்பேக் வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டிய ஒரே சாட்சியின் வாயை யாரோ கட்டியிருந்தார்கள் என்பதுதான். அப்பாவை அந்த முன் சீட்டில் உட்காரவைத்திருப்பேன் என்று நினைத்தபோது கை நடுங்கியது.

மதியம் ஸ்ரீரங்கத்துக்குப் போனோம். பெரியவர் மோர் கொடுத்துவிட்டு, ஒரு காகித உறையை எடுத்துவந்தார். உள்ளே காரின் சர்வீஸ் பதிவுகள் முழுவதும் இருந்தன. கூடவே எட்டு மாதத்துக்கு முன் ஒரு சர்வீஸ் நிலையம் கொடுத்த எஸ்டிமேட். ஆக்ஸிஜன் சென்சார், கிளாக் ஸ்பிரிங், வேறு சில பாகங்கள், கூலி, எல்லாம் சேர்த்து 34,000 ரூபாய். "ஓட்டாத வண்டிக்கு இவ்வளவு எதற்கு என்று விட்டுவிட்டேன்" என்றார்.

இந்த உறை எனக்கு ஒரு பெரிய கேள்விக்குப் பதில் சொன்னது. பழைய கார் விற்கிறவர்கள் எல்லோரும் "வெறும் சென்சார்தான்" என்பார்கள். வெறும் சென்சார் என்றால் அதை மாற்றி, விளக்கை அணைத்து, இருபதாயிரம் கூடுதல் விலைக்கு விற்றிருக்கலாமே? ஏன் விற்கவில்லை? இந்தக் கேள்விக்குச் சரியான காரணமும் அதற்கான காகிதமும் இல்லாத இடத்தில் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்கக் கூடாது.

அண்ணன் இங்கேயும் அதே வருகைப் பதிவை எடுத்தார். எல்லா விளக்குகளும் எரிந்தன. அணைய வேண்டியவை அணைந்து இரண்டு மட்டும் நின்றன. குறியீடு அழிக்கப்பட்ட பின் ஓடிய தூரம் பல ஆயிரம் கிலோமீட்டர். அழிக்கப்படாத நினைவு. எஞ்சின் குறியீடு பி0135.

இந்த எண்ணை நான் வீட்டுக்குப் போய் ஆசையோடு படித்தேன். 'பி' என்றால் எஞ்சின், கியர் சம்பந்தப்பட்டது. அடுத்து வரும் பூஜ்யம், எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு என்பதைக் காட்டுகிறது. அதற்கடுத்த 1, எரிபொருளும் காற்றும் கலக்கும் பகுதி. முழுமையாகச் சொன்னால், முதல் ஆக்ஸிஜன் சென்சாரைச் சூடாக்கும் மின்சுற்றில் கோளாறு. அந்த சென்சாரில் இருக்கும் சிர்கோனியா சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் வேலை செய்யும். குளிர்ந்த எஞ்சின் கிளம்பியதும் அதைச் சீக்கிரம் சூடாக்க உள்ளேயே ஒரு சிறு ஹீட்டர் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் நடத்தும் மின்தடைப் பாடம்தான் அது.

இங்கேதான் குறியீட்டைப் படிக்கும் கலை இருக்கிறது. அது ஒரு மின்சுற்றின் பெயரைச் சொல்கிறது. எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை. சுற்றில் ஃபியூஸ் இருக்கிறது, வயர் இருக்கிறது, ஹீட்டர் இருக்கிறது. எஸ்டிமேட் போட்டவர்கள் குறியீட்டைப் பார்த்ததும் சென்சாரையே மாற்றச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, சென்சாரின் இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தார். சில ஓம்கள் காட்டியது. ஹீட்டர் நன்றாக இருந்தது. ஃபியூஸும் நன்றாக இருந்தது. டார்ச் அடித்து வயரைப் பின்தொடர்ந்து போனவர், எஞ்சினுக்குப் பின்னால் ஓரிடத்தில் நின்று என்னைக் கூப்பிட்டார். வயரின் மேலுறை கடித்துத் துப்பப்பட்டு, உள்ளே செம்புக் கம்பி அறுந்து கிடந்தது. பக்கத்தில் எலிப் புழுக்கைகள். மாதக்கணக்கில் நகராமல் நின்ற காரின் பானெட்டுக்குள் எலிகள் குடியிருந்திருக்கின்றன.

ஏர்பேக் விளக்குக்கு, வராத ஹாரனே பாதி விடை. ஸ்டீயரிங் சுழன்றாலும் அதில் இருக்கும் ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் மின் இணைப்பு அறுபடாமல் இருக்க, உள்ளே சுருள் நாடாவாக ஒரு பாகம் இருக்கிறது. அதுதான் கிளாக் ஸ்பிரிங். நாடா தேய்ந்து அறுந்தால் ஹாரன் விட்டுவிட்டு அடிக்கும், ஏர்பேக் விளக்கு எரியும். பெரிய ஸ்கேனரும் ஓட்டுநர் ஏர்பேக் சுற்றைத்தான் காட்டியது. அந்த ஏர்பேக் ஏற்கெனவே ஒருமுறை வெடித்து மூடப்பட்டதில்லை என்பதை உறுதிசெய்ய சீட் பெல்ட், டேஷ்போர்டின் தையல், ஸ்டீயரிங்கின் நடுப்பகுதி, சர்வீஸ் பதிவுகள் எல்லாவற்றையும் அண்ணன் அரை மணி நேரம் பார்த்தார்.

எல்லா விளக்குகளையும் இப்படி நிதானமாக விசாரிக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தால் அந்தக் காரைச் சோதனை ஓட்டம்கூட எடுக்கக் கூடாது. அது ஆயில் அழுத்தத்தின் விளக்கு. அழுத்தம் இல்லாமல் எஞ்சின் ஓடினால் சில நிமிடங்களில் உலோகத்தோடு உலோகம் உரசிவிடும். என் சித்தப்பா ஒருமுறை, ஊர் போய் ஆயில் ஊற்றிக்கொள்ளலாம் என்று விராலிமலையிலிருந்து அந்த விளக்கோடு கிளம்பினார். திருச்சி எல்லை வரும் முன் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. காரின் பாதி விலை எஞ்சினுக்குப் போனது. வெப்பநிலை விளக்கும் அப்படித்தான். இவை எரியும் காரை விற்கிறவர் எவ்வளவு விலை குறைத்தாலும் என் பதில் வேண்டாம் என்பதுதான்.

பேரம் பேச உட்கார்ந்தோம். பெரியவர் தானாகவே, "எஸ்டிமேட்டில் இருக்கும் 34,000 ரூபாயையும் கழித்துக்கொள்ளுங்கள்" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பேசாமல் இருந்திருந்தால் கார் 3,26,000 ரூபாய்க்கு என் கைக்கு வந்திருக்கும். ஆனால் சாவியைத் திருப்பும் முன்பே விளக்குகளைப் பற்றிச் சொன்ன மனிதர் அவர். அவரிடம் வயரைப் பற்றி மறைக்க எனக்கு மனம் வரவில்லை. சென்சார் நன்றாக இருக்கிறது, எலி கடித்த வயர்தான், மொத்தச் செலவு பத்தாயிரத்துக்குள் முடியும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் 3,45,000 கொடுங்கள். வண்டி நல்ல இடத்துக்குப் போகிறது" என்றார்.

காரின் உரிமையை மாற்றும் படிவம் 29, 30 இரண்டிலும் அன்றே கையெழுத்து வாங்கினேன். காப்பீட்டை 14 நாட்களுக்குள் என் பெயருக்கு மாற்றினேன். இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காக அவருக்குக் கிடைத்த நோ கிளெயிம் போனஸ் என்ற தள்ளுபடி நமக்கு வராது என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்காக ஒரு தொகை கூடுதலாகக் கட்டினேன். வயரை ஒட்டி, புது உறை போட 900 ரூபாய். கிளாக் ஸ்பிரிங் கூலியோடு 6,800. அந்த வேலையை அண்ணன் செய்த விதத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுப் பல நிமிடங்கள் சும்மா உட்கார்ந்திருந்தார். ஏர்பேக் சுற்றில் தங்கியிருக்கும் மின்னூட்டம் வடிய வேண்டுமாம். முன் சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் ஸ்டீயரிங்கில் கைவைத்தார். புதிய சுருளை நடுநிலையில் மாட்டாவிட்டால் முதல் முழுத் திருப்பத்திலேயே அறுந்துவிடும் என்றார்.

அதன்பின் அந்த இரண்டு விளக்குகளும் திரும்ப வரவில்லை. பானெட்டுக்குள் எலி வராமலிருக்க வாரம் ஒருமுறை திறந்து பார்க்கிறேன். ஊசிக்குப் போகிற நாட்களில் அப்பா முன் சீட்டில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்காருகிறார். நான் சாவியை ஒரு படி முன்னால் நிறுத்தி, ஏர்பேக் விளக்கு எரிந்து அணையும்வரை காத்திருந்துதான் எஞ்சினைக் கிளப்புகிறேன்.

தஞ்சாவூர் சாலைக் காரைப் பற்றி யார்டுக்காரரிடம் அன்றே சொல்லியிருந்தேன். ஏர்பேக் விளக்கு எரியவில்லை, பெல்ட்டில் மண் கோடு இருக்கிறது, அடுத்து வருகிறவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். தலையாட்டினார். இரண்டு வாரம் கழித்து அந்த வழியாகப் போனபோது கார் அங்கே இல்லை. வண்டியை நிறுத்தி உள்ளே போய், வாங்கியவரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"அவர் எதுவும் கேட்கவில்லை, மேடம்" என்றார்.